சுதி ஏறிய வீடு

எங்கள் அண்ணன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் மேலே சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு யாராவது அவனைத் தப்பாக நினைத்துக்கொள்வார்கள். பீடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. மதுவிலக்கு வருவதற்கு முன்பும் சரி, வந்த பிறகும் சரி, சாராயம் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுத்ததில்லை. ஹார்பரில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க் வேலை. காலையில் போவான், சாயங்காலம் வருவான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு கித்தார். என் வயிற்றெரிச்சலுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

ராயபுரத்தில் ரயில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சந்தில், மாடியில் குடியிருந்தோம். அம்மா, அண்ணன், நான். அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். நாள் முழுக்க அதுகள் கத்துவதைக் கேட்டுவிட்டு, தொண்டை கட்டி, தலை வலித்து, வீட்டுப் படி ஏறினால் மேலே இருந்து ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வரும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ‘டொய்ங்’. முன்னதை விட இது மயிரிழை அளவு ஏறியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். விளக்கு வைக்கும் வரைக்கும் இப்படியே போகும். வைத்த பிறகும் போகும்.

அந்தக் கித்தார் எங்கள் சந்துமுனையில் இருந்த சட்டைக்கார இன்ஜின் டிரைவருடையது. ஆங்கிலோ இந்தியர்களை அப்போது சட்டைக்காரர்கள் என்றுதான் சொல்வோம். சுதந்திரம் வந்த கையோடு அவர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். போகிறபோது மூட்டையில் அடங்காததை எல்லாம் தெருவில் பிரியப்பட்டவர்களுக்குக் கொடுத்தார். அண்ணனுக்கு வந்தது கித்தார். ஆறு தந்தியும் எந்தெந்த ஸ்வரத்தில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டி, விரல் வைக்கும் இடங்களையும் சொல்லிக்கொடுத்து, “இந்தச் சுதியை மட்டும் மாற்றாதே” என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார் அந்தப் புண்ணியவான்.

சில மாதம் அண்ணன் அதன்படியே வாசித்தான். கிறிஸ்துமஸ் பாட்டு வாசித்தான். அம்மா ஜெபமாலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். நன்றாகவே வாசித்தான். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வாசிக்கத் தெரியாதவன் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

ஒருநாள் சாயங்காலம் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தான். நான் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

“இத்த யாரும்மே முடிவு பண்ணது?” என்றான்.

“எத்தை?”

“இந்தத் தந்தி இங்கதான் நிக்கணும், அந்தத் தந்தி அங்கதான் நிக்கணும்னு. வெள்ளக்காரன் தானே? அவனே மூட்டய கட்டிக்கினு பூட்டான். அவன் வச்ச சுதி மட்டும் இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு கீது?”

“தண்டவாளம்கூட வெள்ளைக்காரன் போட்டதுதான். அதையும் பேத்து மாத்தி வையேன்” என்றேன்.

விளையாட்டாகச் சொன்னேன். அவன் விளையாடவில்லை. நம் ஊரில் பாடுகிறவனுடைய தொண்டையைப் பார்த்துத்தான் சுதியை ஏற்றுகிறோம், இறக்குகிறோம். தொண்டைக்காகத்தான் வாத்தியமே தவிர வாத்தியத்துக்காகத் தொண்டை இல்லை. அப்படி இருக்க இந்தக் கித்தார் மட்டும் ஏன் எல்லோருக்கும் ஒரே சுதியில் நிற்க வேண்டும் என்று கேட்டான். பைத்தியக்காரத்தனமாகப் பேசினால் திட்டி வாயை அடைக்கலாம். நியாயமாகப் பேசிவிட்டுப் பைத்தியக்காரத்தனமாக நடந்துகொள்பவனை என்ன செய்வது?

அன்றைக்குத் திருகத் தொடங்கினான். கித்தாரின் தலையில் தந்தியை இறுக்கவும் தளர்த்தவும் ஆறு திருகுகள் உண்டு. அந்த ஆறும் அதற்குப் பிறகு ஒருநாள் கூட நிம்மதியாக இருந்ததில்லை. தடித்த தந்தியைத் தொளதொளவென்று ஆகும்வரை இறக்கினான். அது கட்டைமேல் பட்டுப் பட்டு உறுமியது. தம்புரா போல எல்லாவற்றையும் ச, ப என்று இரண்டே ஸ்வரத்தில் நிறுத்தினான். பக்கத்துப் பக்கத்துத் தந்தி இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து, பிறகு ஒன்றை மட்டும் துளியூண்டு விலக்கி, அந்த இரண்டும் ஊய் ஊய் என்று அழுவதைக் கண்ணை மூடிக் கேட்டான். திருவொற்றியூர்ப் பக்கத்து மில் சங்கு ஊதினால் ஓடிப்போய் அதோடு ஒரு தந்தியைச் சேர்த்தான். இன்னொரு மில்லின் சங்கு அதைவிட அரைக்கட்டை சுதி கூட. அது ஊதியதும் முதல் மில்லைக் கைவிட்டான். ஒரு தடவை ஹார்பரில் நின்ற ஏதோ ஒரு கப்பலின் ஊதலுக்குச் சேர்த்து வைத்து, ஆஹா இதுதான் இதுதான் என்று துள்ளினான். மறுநாள் கப்பல் போய்விட்டது. அம்மா செய்த மீன் குழம்பைத் தொடாமல் அன்றைக்குத் துக்கம் காத்தான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுதி மாறினால் விரல் பழகின இடமெல்லாம் பொய்யாகிவிடும். நேற்று பாட்டு வந்த இடத்தில் இன்று அபஸ்வரம் வரும். மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இடமாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தேடி முடிப்பதற்குள் எங்கள் அண்ணன் வேறு சுதிக்குப் போய்விடுவான். ஆக, அதற்குப் பிறகு ஒரு முழுப் பாட்டு எங்கள் வீட்டில் யார் காதிலும் விழவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் அடியிலேயே பாடகர் குழு பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டு போய் நின்றே விட்டது. ஆர்மோனியக்காரர் அதற்குப் பிறகு எங்களைத் தெருவில் கண்டாலும் வேறு பக்கம் பார்ப்பார்.

உப்புக்காற்றில் தந்தி துருப்பிடிக்கும். அளவுக்கு மீறி முறுக்கினால் அறும். அறுந்த இடத்தில் சைக்கிள் பிரேக் கம்பியிலிருந்து ஓர் இழையை உருவிக் கட்டினான். கட்டி முடித்ததும் வராந்தாவில் நின்று கீழே தெருவுக்கே கேட்கும்படி, “சுதி ஏறிடுச்சிப்பா!” என்பான். கீழே டீக்கடையிலிருந்து, “இன்னிக்கி இன்னா, ஏத்தமா எறக்கமா?” என்று குரல் வரும். தெருவில் எல்லோருக்கும் இது ஒரு வேடிக்கை. அவர்கள் நோட்டு திருத்த வேண்டியதில்லையே.

நான் கத்துவேன். அம்மா என்னைத்தான் அடக்குவாள்.

“இன்னாடி பேஜாரு பண்ற. வேற ஒரு கெட்ட பயக்கம் கீதா என் நைனாவுக்கு? சுதி தானே. பண்ணிட்டுப் போட்டும்.”

இந்த நிலைமையில்தான் அவர் வந்தார். தன் அக்காள் மகளை என் வகுப்பில் சேர்ப்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிறகு சாயங்காலம் அவளை அழைத்துப்போகவும் அவரே வந்தார். தெற்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிற கிறிஸ்தவக் குடும்பம். வெளியே நிற்கிற மற்றவர்களைப் போல் சத்தம் போட்டுப் பெயரைக் கூப்பிட மாட்டார். மணி அடித்த பிறகும் வாசலில் சும்மா நின்று, பிள்ளைகள் தரைப்பலகையில் தடதடவென்று ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள், “உங்களுக்கு நாள் பூரா ஒரே சத்தமா இருக்குமே” என்றார். நான் ஆமாம் என்றேன்.

“எங்க வீட்ல சத்தமே இருக்காது டீச்சர். அப்பாவும் நானும்தான். அக்கா வந்தா பேச்சுச் சத்தம் கேக்கும். இல்லைனா தராசுத் தட்டு தரையில இறங்குற சத்தம், அவ்வளவுதான்.”

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். அவரைப் பிடித்திருந்தது. அந்தச் சத்தமில்லாத வீட்டையும் பிடித்திருந்தது. அந்த வீட்டில் ஒரு மேசை, அதில் என் நோட்டுகள், சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லாத சாயங்காலம் என்று நினைத்தாலே எனக்குத் தலைவலி விட்டுவிடும். அவர் வீட்டில் பேசி, அவருடைய அப்பா எங்கள் கோயில் உபதேசியாரைப் பெண் கேட்டு அனுப்பியபோது, நான் சமையலறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தேன். மற்றபடி எல்லாம் பொருந்திவிட்டது. பாக்கி விசாரிப்பு மட்டும்தான்.

விசாரிப்பு என்பது இப்படி. மாப்பிள்ளையின் அப்பா யாரோ வழிப்போக்கன் மாதிரி பெண் வீட்டுத் தெருவுக்கு வருவார். டீக்கடையில் ஒரு டீ குடிப்பார், விறகு விற்கும் தொட்டியில் நிற்பார், இஸ்திரிக்காரரோடு பேச்சுக் கொடுப்பார். அந்த வீட்டில் எப்படி மனுஷர்கள் என்று மெதுவாக வாயைக் கிளறுவார். எங்கள் தெருவைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. எல்லோருக்கும் எங்களைப் பிடிக்கும், அண்ணனை இன்னும் பிடிக்கும்.

ஒரு வாரம் பதில் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் குழந்தையை அழைத்துப்போக அவருக்குப் பதிலாக அக்காள் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கடைசியில் உபதேசியார் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

“அவங்க யோசிக்கிறாங்கம்மா. பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல. அண்ணன்காரரு பழக்கம்தான்...”

“இன்னா பயக்கம்?” என்றாள் அம்மா.

உபதேசியார் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு விசாரிப்பில் கேட்டதை எல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

விறகுத் தொட்டிக்காரர் சொன்னாராம்: “அவரா? தங்கமான மனுசன்பா. வேல வுட்டு வந்தா போதும், சுதி ஏத்திக்கினு அவரு பாட்டுக்குக் குந்திக்குவாரு. ஒரு வம்பு தும்பு கெடயாது.” இஸ்திரிக்காரர் சொன்னாராம்: “மின்ன மாதிரி இல்ல நைனா, இப்ப ரொம்ப ஏத்துறாரு. ஒருநாளு அறுந்துக்கும்னு நாங்கூட சொன்னேன்.” டீக்கடை பாய்தான் எல்லாவற்றுக்கும் மேல்: “டெய்லி ஒரு சுதி. நேத்து சுதி இன்னிக்கி அவருக்கு ஆவாது. பாவம், அந்தத் தங்கச்சிதான் தலதலயா அடிச்சிக்கினு கத்திக்கினு கீது. கேட்டாத்தானே?”

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது காலுக்குக் கீழே படி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

வட சென்னையில் சுதி என்றால் இரண்டு. ஒன்று பாட்டுக்குச் சேர்ப்பது. இன்னொன்று சாராயம் உள்ளே போனால் தலைக்கு ஏறுவது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு எந்தச் சுதி என்று பேசுகிறவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும். மாப்பிள்ளையின் அப்பா இங்கே பிறந்தவர் இல்லை. மெட்ராஸ் பாஷையைக் கைவண்டி இழுப்பவர்களிடமிருந்து வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கிக் கற்றவர். கடைவாசலில் எவனாவது தள்ளாடினால் ‘அவன் சுதில கீறான் அண்ணாச்சி’ என்று சொல்லக் கேட்டுக் கேட்டு, சுதி என்றால் அவருக்கு அந்த ஒன்றுதான். ஊரில் அவர் நூறு தடவை கேட்டிருக்கக்கூடிய பாட்டுச் சுதி அந்த நேரத்தில் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ. அதிலும் அது மதுவிலக்குக் காலம். குடிப்பவன் வீடு என்றால் போலீஸ் வரும் வீடு என்று அர்த்தம்.

நான் நேராக டீக்கடைக்கு இறங்கினேன்.

“பாய், இன்னா சொல்லி வச்சிருக்கீங்க?”

“நான் இன்னாம்மா தப்பா சொன்னேன்? சுதின்னு சொன்னேன். அவரு சுதி தானே பண்றாரு?” என்றார் பாய். அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரியாமல் மறுபடி மாடி ஏறினேன்.

உபதேசியாரையே திரும்ப அனுப்பினோம். அது அந்தச் சுதி இல்லை, கித்தார்த் தந்திச் சுதி என்று விளக்கிச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். மறுநாள் அவர் இன்னும் தொங்கிப்போன முகத்தோடு வந்தார். அவருக்கு முன்பல் இரண்டு கிடையாது, அதை நான் யோசிக்கவில்லை.

“நான் சொன்னேம்மா, ‘தந்திச் சுதி’ன்னு. அவரு காதுல ‘தண்ணிச் சுதி’ன்னு வுழுந்துடுச்சி. ‘சுதிங்கறதே அதானய்யா, அதுல தண்ணிச் சுதி என்ன, தரைச் சுதி என்ன’ன்னு எழுந்து பூட்டாரு.”

அன்றைக்கு நான் அழுத அழுகையில் அம்மாகூட அண்ணன் பக்கம் பேசவில்லை. அண்ணன் மட்டும் கொதித்தான். “என்னிய குடிகாரன்னு சொன்னாரா? வரச் சொல்லு அந்த ஆள. சாயங்காலமா வரச் சொல்லு. சுதின்னா இன்னான்னு காட்றேன்.” அந்தச் சேதியும் உபதேசியார் வாயால் எப்படியோ போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அண்ணனுக்குச் சுதி ஏறும் என்று தெரு முழுக்கச் சொன்ன அதே நேரத்துக்கு, நேரில் வந்து பார்ப்பதாக மாப்பிள்ளையின் அப்பா பதில் அனுப்பினார்.

நான் அண்ணன் முன்னால் உட்கார்ந்தேன். “உன் காலில் விழறேன். ஒரே ஒரு நாள். அந்தச் சட்டைக்காரர் வச்ச சுதியை அப்படியே வை. எல்லாரும் வாசிக்கிற மாதிரி ஒரு ஞானப்பாட்டு வாசி. முடிச்சிட்டு அப்பறம் கழுதைக் கத்தலுக்குக்கூடச் சேத்துக்கோ.”

அண்ணன் தலையைச் சொறிந்தான். “அந்தச் சுதி என் காத வுட்டே பூட்சும்மே” என்றான்.

எத்தனை சுதி வைத்தானோ அத்தனைக்கு நடுவில், உலகம் முழுக்க எல்லோரும் வைக்கிற அந்த ஒரு சுதி அவனுக்கு மறந்துபோய்விட்டது! எனக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, அழவும் தோன்றியது. சொல்லிக்கொடுத்தவரோ ஆஸ்திரேலியாவில் இருந்தார். கடைசியில் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் அண்ணனையும் கித்தாரையும் இழுத்துக்கொண்டு நானே ஆர்மோனியக்காரர் முன்னால் போய் நின்றேன். பழைய கிறிஸ்துமஸை அவர் மறக்கவில்லை. என் கல்யாண விஷயம் என்று சொன்ன பிறகுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டே, சட்டைக்காரரின் கித்தாருக்குத் தான் பலமுறை கொடுத்திருந்த ஆறு ஸ்வரத்தையும் ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்டினார். அண்ணன் சேர்த்தான். சேர்த்து முடித்ததும் கித்தாரை அவன் கையிலிருந்து பிடுங்கி, முந்தானையால் போர்த்தி, வீடு வரை நானே தூக்கிக்கொண்டு வந்தேன். வழியில் யாரோ, பிள்ளைக்கு ஜுரமா என்று கேட்டார்கள். வீட்டில் அதைப் பீரோ மேல் வைத்துவிட்டுக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அண்ணன் அந்தப் பக்கம் வந்தாலே முறைத்தேன்.

கடற்காற்றை என்னால் முறைக்க முடியவில்லை. மதியத்துக்கு மேல் அது திரும்பியது. உப்பும் ஈரமும் பட்டால் மரம் ஊறும், தந்தி நழுவும். இது தெரிந்த அண்ணன் வாயே திறக்கவில்லை. திறந்தால் கித்தாரைத் தொட வருகிறான் என்று நான் கத்துவேன் என்று பயமாம்.

அவர்கள் வந்தார்கள். அப்பா முன்னால், மாப்பிள்ளை பின்னால், பல்லைக் காட்டாமல் உபதேசியார் கடைசியில். பெரியவர் உள்ளே வந்ததும் கருப்பட்டி மூட்டையை மோந்து பார்ப்பவர் மாதிரி மூக்கை உறிஞ்சினார். காபி வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. அப்படியும் நம்பிக்கை வராமல், அண்ணனிடம் பேச்சுக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் வாயருகே இன்னொரு தடவை உறிஞ்சினார்.

“வாசிங்க தம்பி, கேப்போம்” என்றார்.

அண்ணன் வாசித்தான். முதல் வரியிலேயே பாட்டு இளித்துவிட்டது. நான் கண்ணைக் காட்டினேன், எப்படியிருந்தாலும் நிறுத்தாதே என்று. நிறுத்தினான். “ஒரு நிமிசங்க” என்று திருகில் கை வைத்தான். அவ்வளவுதான், போனான். கண்ணை மூடிக்கொண்டு, காதைக் கித்தார் மரத்தில் பதித்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியபடி முணுமுணுத்தான்: “ஏறுது... ஏறுது... இன்னும் கொஞ்சம்... வந்துகினே கீது...” பெரியவர் என் அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தாள். ஊரில் உள்ள எந்தக் குடிகாரனும் இவ்வளவு சரியாகக் குடிகாரனாக இருந்திருக்க மாட்டான்.

படீரென்று ஒரு தந்தி அறுந்தது. பெரியவர் காபியோடு எழுந்துவிட்டார்.

பிறகு பெரியவர் மெதுவாக, “தம்பி, இதுக்குப் பேருதான் சுதியா?” என்றார்.

“ஆமாங்க.”

“தெனமும் இதைத்தான் பண்ணுதீங்களா?”

“ஆமாங்க.”

“பாட்டு எப்ப வாசிப்பீங்க?”

“சுதி சேந்த பொறவுங்க.”

“எப்ப சேரும்?”

அண்ணன் இதற்கு உண்மையாக யோசித்தான். “தெரிலீங்க” என்றான்.

பெரியவர் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. நிம்மதி மட்டும் தெரியவில்லை. “குடின்னாலும் கோயில்ல சத்தியம் வாங்கி விட வச்சிரலாம்” என்றார் என் அம்மாவிடம். “இதுக்கு நான் என்னன்னு சத்தியம் வாங்க?” என்னுடைய கல்யாணம் அந்த இடத்தில் ஒரு முழம் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணனோ அதைப் பற்றிக் கவலையே இல்லாமல் மீதி ஐந்து தந்தியைத் தட்டி, மூன்றாவதை இறுக்கத் தொடங்கினான்.

“அதை ஏத்தாதீங்க.”

சொன்னது மாப்பிள்ளை. வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. அண்ணன் தலை தூக்கினான்.

“அது பக்கத்துத் தந்தியோட சண்டை போடுது. ஏத்துனா இன்னும் சண்டைதான். கொஞ்சம் இறக்கிப் பாருங்க. அது விட்டுக்கொடுத்துட்டா மத்த நாலும் சேந்துக்கும்னு தோணுது.”

அண்ணனிடம் இப்படி யாரும் பேசியதே கிடையாது. நிறுத்து என்பார்கள், பாட்டு வாசி என்பார்கள், தெருவில் சிரிப்பார்கள். அவன் கேட்டதைத் தானும் கேட்டு, இதோ இங்கே என்று காட்டியவர் ஒருவர்கூட இல்லை. அவன் கண் கலங்கிவிட்டது, நான் பார்த்தேன். எனக்கும் கலங்கியது, என்னுடையது ஆத்திரம். ‘எங்க வீட்ல சத்தமே இருக்காது டீச்சர்.’ அதைப் பெருமையாகச் சொல்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அந்த மனுஷர் குறைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளின் கால் சத்தத்தை அப்படிக் கேட்டவரை, நான் எந்த லட்சணத்தில் அமைதியானவர் என்று முடிவு கட்டினேன்?

அதற்குள் அவர் பாயில் இறங்கி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் திருகை இறக்கினான். “இன்னும்” என்றார். இறக்கினான். “போதும்.” அண்ணன் கையை ஒரு முறை மேலிருந்து கீழே ஓட்டினான். ஐந்து தந்தியும் சேர்ந்து ஒலித்தன. எந்தப் பாட்டும் இல்லை, வெறும் சுதிதான். ஆனால் அடுப்படிக்குப் போன அம்மா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். பெரியவரும் குடிக்காத காபியைக் கீழே வைத்தார். நன்றாக இருந்தது. நன்றாக இருந்து தொலைத்தது.

அது அடங்கிய பிறகு பெரியவர் என் பக்கம் திரும்பினார். பெண்ணை நேராகக் கேட்கிற வழக்கம் அப்போது இல்லை. அந்த அறையில் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“ஏம்மா, நீ என்ன சொல்லுத?”

“எனக்குச் சம்மதம்” என்றேன். கோபத்தில் குரல் நான் நினைத்ததை விடச் சத்தமாக வந்தது. “ஆனா ஒண்ணு. அந்தக் கித்தார் இந்த வீட்டு வாசலைத் தாண்டி அங்க வரக் கூடாது.”

“அப்பிடிச் சொல்லு!” என்றார் பெரியவர். அன்றைக்கு அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

மாப்பிள்ளை கித்தாரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். யோசித்தார். “சரி, அது இங்கயே இருக்கட்டும்” என்றார். “நாம ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இங்க வந்துரலாம்.”

அதுவரை அவர் என்னிடம் டீச்சர், நீங்க, நான் என்றுதான் பேசியிருந்தார். என்னையும் சேர்த்து அவர் சொன்ன முதல் ‘நாம’ அது. அதையும் அந்தக் கித்தாருக்காகத்தான் சொன்னார்.